குறைகடத்தி வேதியியலில் ஆராய்ச்சி: பாலக்காட்டு எல்லைப் பக்க மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

வாளையாரிலிருந்து கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரை தமிழ் பேசும் வீடுகளில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனதில் வைத்து எழுதியது. இங்கே சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல.

குறைகடத்தி என்றால் சிப், சர்க்யூட். வேதியியல் படித்தவருக்கு அங்கே என்ன வேலை?

சர்க்யூட் வரைவது பிற்பாடு. அதற்கு முன்னால் பொருள் வேண்டும், அதுவும் சுத்தமாக வேண்டும். சிலிக்கானில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5-க்குப் பின் 22 சைபர் போட்ட அளவு அணுக்கள் இருக்கின்றன. நூறு கோடி சிலிக்கான் அணுவுக்கு ஒரு போரான் அணு கலந்தாலே மின்கடத்தும் குணம் கண்கூடாக மாறிவிடும். அந்த ஒரு அணுவை வேண்டும்போது சேர்ப்பதும் வேண்டாதபோது விலக்குவதும் வேதியியல்.

மணலிலிருந்து எடுத்த சிலிக்கான் 98, 99 சதவீதச் சுத்தம்தான். அதை ஹைட்ரஜன் குளோரைடுடன் 300 டிகிரி செல்சியஸ் அளவில் வினைபுரியவிட்டால் டிரைகுளோரோசிலேன் கிடைக்கும். அதன் கொதிநிலை சுமார் 32 டிகிரி. அதனால் சாராயம் வடிப்பது போலத் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தப்படுத்தலாம். பிறகு ஹைட்ரஜனோடு கலந்து, 1100 டிகிரியில் சூடாக இருக்கும் சிலிக்கான் கம்பி மேல் செலுத்தினால் சிலிக்கான் மறுபடி படியும். இதுதான் சீமென்ஸ் முறை. 99.99... என்று சதவீதத்தில் ஒன்பது முதல் பதினொன்று 9-கள் வரை சுத்தம் கிடைக்கிறது. முதலிலிருந்து கடைசி வரை பாடப்புத்தக வேதியியல்.

1954-இல் பெல் ஆய்வகத்தில் முதல் சிலிக்கான் டிரான்சிஸ்டரைச் செய்த மாரிஸ் டேனன்பாம் இயற்பிய வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அதே ஆண்டு அங்கே சுமார் 6 சதவீதத் திறனுள்ள சிலிக்கான் சோலார் செல் வந்தது. அதைச் செய்த மூவரில் கால்வின் ஃபுல்லர் வேதியியலாளர். சிலிக்கானுக்குள் போரானை ஊடுருவவிட்டது அவர் கை.

ஒரு வேதியியல் விஷயம் முழு சாதனத்தையே நிறுத்தி வைத்ததற்கு உதாரணம் உண்டா?

நீல எல்.இ.டி. அது எரிய எலக்ட்ரான் மிகுந்த என்-வகையும் எலக்ட்ரான் குறைந்த பி-வகையும் சேர வேண்டும். காலியம் நைட்ரைடில் மக்னீசியம் கலந்தால் பி-வகை கிடைக்க வேண்டும், ஆனால் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. 1989-இல் அகாசாகியும் அமானோவும் அந்தப் படலத்தின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சியபோது பி-வகை ஆனது. ஏன் என்பது 1992-இல் நாகமுரா குழு காட்டியபோதுதான் தெளிவானது: படலம் வளர்க்க அம்மோனியா பயன்படுத்துகிறார்கள், அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கிவிடுகிறது. நைட்ரஜனில் 700 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் ஹைட்ரஜன் வெளியேறி, பி-வகை வந்துவிடும். அதே படலத்தை அம்மோனியாவில் சூடேற்றினால் திரும்பவும் கெட்டுப்போகும். மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நேர்காணலில் 'மாசூட்டல்' (வேற்று அணுவைக் கொஞ்சமாகக் கலப்பது) பற்றிக் கேட்டால், மூன்றாம் தொகுதி ஐந்தாம் தொகுதி என்று ஒப்பிப்பதைவிட இந்த ஒன்றைச் சொல்லத் தெரிந்தவரைத் தேர்வுக்குழு நிமிர்ந்து பார்க்கும்.

எந்தப் பட்டம்? நாலு வருடப் படிப்பு முடித்தால் நேராகப் பிஎச்.டி. சேரலாமா?

சேரலாம். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிப்படி நாலு வருட இளங்கலையில் 75 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு. கேரளத்துக் கல்லூரிகளில் நாலு வருடப் படிப்பு 2024-இல் தொடங்கியது. ஆனாலும் இந்தத் துறைக்கு எம்.எஸ்சி. செய்துவிட்டுப் போவதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். திடநிலை வேதியியலும் படிகவியலும் இளங்கலையில் மேலோட்டமாகவே வருகின்றன. எம்.எஸ்சி. புராஜெக்ட் ஆறு மாதம் கையால் வேலை செய்ய வைக்கும்.

வேதியியல், இயற்பியல், மெட்டீரியல்ஸ் சயின்ஸ், எம்.டெக். எதிலிருந்தும் வரலாம். வேதியியலிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதுவாக பேண்ட் வரைபடம் (எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளைக் காட்டும் படம்) உதைக்கும். இயற்பியலிலிருந்து வருகிறவர்களுக்குக் கரைசல் தயாரிப்பு உதைக்கும். உங்களுக்கு எது உதைக்கிறதோ அதை எம்.எஸ்சி. முதல் வருடத்திலேயே சரி பண்ணிக்கொள்ளுங்கள்.

எந்தத் தேர்வு எழுத வேண்டும்? மாதம் எவ்வளவு வரும்?

சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் இரண்டும் எழுதுங்கள். கேட்டில் வேதியியல், இயற்பியல் தாள்கள் தவிர பொறியியல் அறிவியல் தாளில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் பகுதி இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு வருடம் கூடுதலாகத் தரலாம்.

"ஆராய்ச்சின்னா சம்பளம் இல்லாம எத்தனை வருஷம்?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஆனால் பல்கலைக்கழகங்களில் புராஜெக்ட் பணத்தில் சேர்பவர்களுக்கு உதவித்தொகை சில மாதம் தாமதமாக வருவது சகஜம். கையில் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொண்டு சேருங்கள்.

பக்கத்தில் எங்கெல்லாம் சேரலாம்?

கஞ்சிக்கோட்டில் பாலக்காடு ஐ.ஐ.டி., அது 2015-இல் தொடங்கியது. வாளையாரைத் தாண்டினால் எட்டிமடையில் அமிர்தா, கோவையில் பாரதியார் பல்கலைக்கழகமும் பி.எஸ்.ஜி.யின் ஆய்வு நிறுவனமும். தெற்கே திருச்சூர் ஆத்தாணியில் சி-மெட் மையம், அது மின்னணுப் பொருட்களுக்கென்றே இருக்கிறது. கொச்சியில் குசாட் பல்கலைக்கழகம், திருவனந்தபுரத்தில் சி.எஸ்.ஐ.ஆரின் நிஸ்ட் ஆய்வகம், விதுராவில் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசர். ஆந்திர எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருப்பதியில் ஐ.ஐ.டி., ஐசர் இரண்டும் உண்டு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் பழைய பெயர் பெற்றது.

பெயரைவிட கைடு முக்கியம். சேருவதற்கு முன் அந்தக் குழுவின் மூத்த மாணவர் ஒருவரிடம் டீக்கடையில் உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள். கடைசி மூன்று பேர் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? உலையும் ஸ்பின் கோட்டரும் (கரைசலைச் சுழற்றிப் படலமாகப் பரப்பும் கருவி) இப்போது ஓடுகின்றனவா? வெளியில் அளவீடு செய்ய யார் பணம் கட்டுகிறார்கள்? கைடு கடைசியாக லேபுக்குள் எப்போது வந்தார்? மூன்றாவது கேள்விக்கு "நாங்களே" என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

முதலில் எந்தப் பொருளில் கை வைப்பது?

துத்தநாக ஆக்சைடு. விலை குறைவு, நச்சுத்தன்மை குறைவு, காற்றிலேயே செய்யலாம், பேண்ட் கேப் (எலக்ட்ரான் கடத்தும் நிலைக்குத் தாவ வேண்டிய ஆற்றல் இடைவெளி) சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். அதை அலைநீளமாக்க 1240-ஐ அதால் வகுத்தால் 376 நானோமீட்டர், ஆக ஒளியை உறிஞ்சத் தொடங்கும் இடம் புற ஊதாவில் விழும். கண்ணாடி மேல் பூசும் படலம் கண்ணுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தாலே ஏதோ தப்பு.

செய்முறை இது. துத்தநாக அசிடேட் டைஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 219.5. அரை மோலார் கரைசல் 50 மி.லி. வேண்டுமானால் 5.49 கிராம். சுமார் 40 மி.லி. 2-மெத்தாக்சி எத்தனாலில் போட்டால் சரியாகக் கரையாமல் பால்போல் நிற்கும். மோனோஎத்தனாலமைனைத் துத்தநாகத்துக்குச் சம மோலாக, அதாவது 1.5 மி.லி., சொட்டுச் சொட்டாக விடுங்கள். தெளியும். 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் மூடிக் கலக்கி, ஆறியதும் 50 மி.லி. கோட்டுக்கு நிரப்பி, ஒரு நாள் வையுங்கள்.

கண்ணாடியை சோப்புத் தண்ணீர், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்ற வரிசையில் அல்ட்ராசோனிக் தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வீதம் கழுவி, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். ஒரு அங்குலச் சதுரத்துக்கு 200 மைக்ரோலிட்டர் போதும், 0.22 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டி வழியாக விடுங்கள். ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 3000 சுற்று, 30 வினாடி. உடனே 300 டிகிரி சூட்டுத் தட்டில் 10 நிமிடம். ஆறவிட்டு அடுத்த பூச்சு. ஐந்தாறு பூச்சுக்குப் பின் உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி, 500 டிகிரியில் ஒரு மணி நேரம். கதவைத் திறக்காமல் 100-க்குக் கீழே இறங்கும் வரை விடுங்கள்.

2-மெத்தாக்சி எத்தனால் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கும். புகைபோக்கி அலமாரிக்கு வெளியே அதன் மூடியைத் திறக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் அதைத் தொடவே வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இதே வேலையைச் செய்யலாம், கரைசல் அவ்வளவு நாள் தாங்காது.

இப்படியே செய்தும் படலம் வெள்ளையாக, வெடிப்பு விட்டு வருகிறது. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணம்.

முதலாவது ஈரம். பாலக்காட்டுக் கணவாயில் ஜனவரிக் காற்று வறண்டு அடிக்கும்போது அழகாக வந்த படலம் ஜூன் பிறந்ததும் மங்கும். கரைப்பான் காற்றிலிருக்கும் தண்ணீரை இழுக்கும். அசிடேட் நீராற்பகுப்பு அடைந்து நுண்துகள் ஆகும். டப்பியை அடிக்கடி திறக்காதீர்கள். 50 மி.லி. கரைசலைப் பத்து மி.லி. குப்பிகளாகப் பிரித்து வைத்து, ஒன்றைத் திறந்தால் அன்றே தீர்த்துவிடுங்கள். ஸ்பின் கோட்டர் பக்கத்தில் ஒரு ஈரப்பதமானி கட்டாயம். அந்த எண்ணை ஒவ்வொரு மாதிரிக்கும் நோட்டில் எழுதுங்கள். "ஏன் மார்ச்சில் வந்தது ஜூலையில் வரவில்லை" என்று ஆறு மாதம் கழித்து மண்டையை உடைத்துக்கொள்ளும்போது அந்த ஒரு எண்தான் கைகொடுக்கும்.

இரண்டாவது, இடைச்சூடு போதாமை. மெத்தாக்சி எத்தனால் 124 டிகிரியில் கொதிக்கும், மோனோஎத்தனாலமைன் 170-இல். 150 டிகிரியில் உலர்த்திவிட்டு நேராக 500-க்குத் தள்ளினால் உள்ளே நிற்கும் அமைனும் அசிடேட்டும் ஒரே மூச்சில் வெளியேறிப் படலத்தைக் கிழிக்கும். தோசை வேகுமுன் திருப்பினால் ஆகிற கதிதான்.

மூன்றாவது, அழுக்கு. நடுவிலிருந்து வால்நட்சத்திரம் போல் கோடுகள் ஓடினால் தூசு, வடிகட்டியை மாற்றுங்கள். கரைசல் கண்ணாடியில் பரவாமல் திட்டுத் திட்டாக ஒதுங்கினால் எண்ணெய்ப் பசை. கிழக்குப் பக்கத்து போர்த் தண்ணீரில் கழுவிவிட்டுக் கடைசியில் மட்டும் அயனி நீக்கிய நீரில் ஒரு முக்கு முக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. உப்பு காய்ந்து ஒட்டியபின் போகாது. முதல் சோப்புக் கரைசலையே அயனி நீக்கிய நீரில் தயாரியுங்கள்.

நான்காவதாக ஒன்று, குறைவாக நடப்பது: மின்வெட்டு. கரண்டு திரும்பியதும் உங்கள் உலைக் கட்டுப்பாட்டுக் கருவி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, முதலிலிருந்து தொடங்குகிறதா, நின்றே கிடக்கிறதா என்று ஒருமுறை வேண்டுமென்றே சுவிட்சை அணைத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவீடுகளில் எங்கே தவறுகிறார்கள்?

எக்ஸ்-கதிர் சிதறலில் உச்சியின் அகலத்திலிருந்து படிகத் துகள் அளவைக் கணக்கிடும் ஷெரர் சூத்திரம். உதாரணத்துக்கு, தாமிரக் கதிர் 1.5406 ஆங்ஸ்ட்ராம், உச்சி 34.4 டிகிரியில், அரை உயர அகலம் 0.3 டிகிரி என்றால் படிகத் துகள் அளவு சுமார் 28 நானோமீட்டர். இதில் இரண்டு பிழை வழக்கம். 0.3-ஐ ரேடியனாக மாற்ற மறப்பது, கோசைனுக்கு 34.4-ஐயே போடுவது. பாதி, அதாவது 17.2 போட வேண்டும். கருவியே தரும் அகலத்தைக் கழிக்காமல் "அளவு 28-லிருந்து 29 ஆனது" என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

ஒளி உறிஞ்சலிலிருந்து பேண்ட் கேப்பைக் கண்டுபிடிக்கும் டாக் வரைபடம் இன்னும் மோசம். கோட்டை எங்கே வரைகிறோம் என்பதிலேயே 0.05 எலக்ட்ரான் வோல்ட் நகரும். அப்படியிருக்க 3.27 மாசூட்டலால் 3.25 ஆகிவிட்டது என்று முடிவெழுதும் கட்டுரைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். ஒரே செய்முறையில் ஐந்து மாதிரி செய்து, அவற்றுக்குள்ளேயே எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். அந்த ஆட்டத்தைவிடப் பெரிய மாற்றமே மாற்றம்.

நாலு முனை மின்தடை அளவீட்டில் 4.53 என்ற பெருக்கு எண் பரந்த மாதிரிக்கு மட்டுமே. ஒரு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி முனைகளை வைத்தால் அது 4.2 பக்கம் வரும்.

எக்ஸ்.பி.எஸ். (எக்ஸ்-கதிரால் மேற்பரப்பில் உள்ள தனிமங்களைக் கண்டறிவது) அளவீட்டுக்கு மாதிரியை ஜெல் டப்பாவில் அனுப்பாதீர்கள். ஜெல்லின் சிலிக்கோன் மேற்பரப்பில் ஏறி, நீங்கள் போடாத சிலிக்கான் உச்சி தெரியும்.

பி-வகைத் துத்தநாக ஆக்சைடு செய்ததாகக் கைடு காட்டும் கட்டுரைகளை நம்பலாமா?

சந்தேகத்தோடு படியுங்கள். இந்தப் பொருள் இயல்பாகவே என்-வகை. நீண்ட நாள் ஆக்சிஜன் வெற்றிடங்கள் (ஆக்சிஜன் அணு இல்லாத காலி இடங்கள்) மேல் பழி போட்டார்கள். 2000-இல் வான் டி வாலே என்ற ஆய்வாளர், உள்ளே புகும் ஹைட்ரஜனே எலக்ட்ரான் தருகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். காலியம் நைட்ரைடிலும் ஹைட்ரஜன், இங்கேயும் ஹைட்ரஜன். பி-வகை அறிவிப்புகள் பல, அவற்றில் நிலைத்தவை வெகு சில. மின்னூட்டங்கள் மெதுவாக நகரும், அதாவது இயங்குதிறன் குறைந்த படலத்தில், பி-வகையா என்-வகையா என்று குறியால் காட்டும் ஹால் மின்னழுத்தம் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அப்போது குறி கூட்டலாகவும் வரும், கழித்தலாகவும் வரும். ஒருமுறை கூட்டல் வந்ததும் கட்டுரை எழுதுவது தற்கொலைக்குச் சமம். மின்தொடுப்புகள் ஓமின் விதிப்படி நடக்கின்றனவா என்று முதலில் பார்த்து, காந்தப்புலத்தைத் திருப்பி, வேறு நாளில் மீண்டும் அளந்து, மூன்று மாதம் கழித்து அதே மாதிரியை எடுத்து அளந்த பிறகு பேசுங்கள்.

எங்கள் கல்லூரியில் கருவியே இல்லை. என்ன செய்வது?

கொச்சி குசாட்டில் உள்ள ஸ்டிக், சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் என்ற இரண்டு கருவி மையங்களும் வெளியாருக்குக் கட்டணத்துக்கு அளந்து தருகின்றன. ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடலாம். சாதனம் செய்து பார்க்க வேண்டுமானால் ஐ.என்.யு.பி. திட்டம்: பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., மும்பை, சென்னை ஐ.ஐ.டி.கள் போன்ற இடங்களின் சுத்த அறைகளில் வெளிக் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி தந்து வேலையும் செய்யவிடுகிறார்கள். எல்லைப்பக்கக் கல்லூரிப் பிள்ளைகள் இதற்கு விண்ணப்பிப்பதே குறைவாகத் தெரிகிறது, காரணம் கூச்சம்தான்.

மாதிரி அனுப்பும்போது பின்பக்கத்தில் வைரமுனையால் எண் கீறுங்கள். ஸ்கெட்ச் பேனா எண் ஆல்கஹாலில் அழிந்துபோகும்.

ஆபத்தானது எது?

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். செறிவு குறைந்தது பட்டால் உடனே வலிக்காது, பல மணி நேரம் கழித்தே வலிக்கும், அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில், காலாவதித் தேதி தாண்டாமல் இல்லையென்றால் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. அதை எந்தக் காலத்திலும் தனியாக இருக்கையில் கையாளாதீர்கள். கண்ணாடிப் பாத்திரத்தை அது அரிக்கும், பிளாஸ்டிக்கில் வையுங்கள்.

கண்ணாடியைச் சுத்தப்படுத்தும் பிரானா கரைசல், மூன்று பங்கு கந்தக அமிலத்துக்கு ஒரு பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. கண்ணாடியில் ஒரு துளி அசிட்டோன் மிச்சமிருந்தாலும் வெடிக்கும். பயன்படுத்திய கரைசலை மூடி வைத்தால் பாட்டிலே வெடிக்கும்.

காட்மியம் சல்ஃபைடு படலத்தைக் குளியல் முறையில் (கண்ணாடியைக் கரைசலில் முக்கிப் படியவைப்பது) செய்கிறவர்கள் கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சித்தூர்ப் புழை பாரதப்புழையில்தான் கலக்கிறது, அந்தத் தண்ணீரைத்தான் கீழே குடிக்கிறார்கள். தனிக் கேனில் சேர்த்து, பெயர் ஒட்டி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். லேபில் மலையாளமும் இங்கிலீஷும். சமாளிக்க முடியுமா?

முடியும். நம்முடைய குறைகடத்தி அவர்களுக்கு அர்த்தசாலகம், லேபுக்குள் போனால் இருவருக்கும் செமிகண்டக்டர். பேச்சு இரண்டு மாதத்தில் பழகிவிடும், எழுத்துத்தான் தடுக்கும். தினமும் செய்த வேலையை ஐந்து வரி ஆங்கிலத்தில் நோட்டில் எழுதுங்கள், பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை. அதுவே பிறகு ஆய்வேட்டின் செய்முறை அத்தியாயம் ஆகும்.

கட்டுரை எத்தனை வேண்டும்? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறார்களாமே?

ஒரு வாரத்தில் ஏற்கிறோம் என்பவர்களைப் பார்த்தால் ஓடிவிடுங்கள். எண்ணிக்கையை உங்கள் பல்கலைக்கழக விதியில் பாருங்கள். வேலைக்கு எடுக்கிறவர்கள் ஒரு நல்ல கட்டுரையை எடுத்து, அதில் உங்கள் கை எது என்று துருவிக் கேட்பார்கள். எட்டுக் கட்டுரையில் ஆறாவது பெயராக இருப்பவர் அங்கே திணறுவார்.

முடித்தபின் வேலை?

கேரளத்தில் சிப் ஆலை இல்லை. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவித்த திட்டத்தின் கீழ் குஜராத்தின் தோலேராவிலும் சாணந்திலும், அசாமின் ஜாகிரோடிலும் ஆலைகள் எழுகின்றன. ஆந்திரத்துக்கும் ஒரு பேக்கேஜிங் ஆலை ஒப்புதலாகியிருக்கிறது. அங்கே வேதியியலாளருக்கு உரிய இடங்கள்: படலம் படியவைத்தல், ஈர அரிப்பு, மெருகேற்றல், ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளி பட்டால் மாறும் பூச்சு), வாயுச் சுத்தம், பழுதாய்வு. ஷிஃப்ட் வேலை, முழு உடை போட்டு எட்டு மணி நேரம், ஆராய்ச்சிச் சுதந்திரம் குறைவு. ஆசிரியர் வேலைதான் வேண்டும் என்றால் வெளிநாட்டில் ஒன்றிரண்டு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடித்துவிட்டு வருவதே வழக்கமாகிவிட்டது.

இரண்டுக்கும் ஒரே கேள்விதான் நேர்காணலில் வரும்: "இந்தப் பொருளை நாளைக்கு இங்கே வந்து திரும்பச் செய்து காட்ட முடியுமா?" அளக்க மட்டும் தெரிந்தவர் இதற்குத் தயங்குவார்.

லேப் நோட்டில் என்ன எழுத வேண்டும்?

தேதி, மாதிரி எண், ஒவ்வொரு ரசாயனத்தின் பாட்டில் எண்ணும் திறந்த நாளும், எடைத்தராசு காட்டிய எண் (5.49 என்று நினைத்தது அல்ல, 5.47 வந்திருந்தால் 5.47), அறை வெப்பம், ஈரப்பதம், கரைசலின் வயது, உலைக்குள் மாதிரி வைத்த இடம், இடையில் கரண்டு போனதா, படலம் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது. கெட்டுப்போன மாதிரிக்கும் இதே அளவு இடம். பென்சில் வேண்டாம், பேனா. அடித்தால் படிக்கிற மாதிரி ஒரே கோடாக அடியுங்கள்.